அளந்த எலும்பு வேறு

பெட்டியின் மூடியைத் திறந்ததும் அந்த நிலவறையில் இருந்த எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணி மட்டும் குனிந்து, பூக்கடையில் நிற்பவள் போல ஆழமாக மூச்சை இழுத்தாள்.

"அண்ணி, அது எலும்பு," என்று ஞாபகப்படுத்தினான் சில்லறை.

"அப்படித்தான் சொல்றாங்க," என்றாள் அண்ணி.

பல வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்யாகச் செத்தவர்களையும் பொய்யாக எரிந்த கடைகளையும் மோப்பம் பிடித்தவள் அவள். அங்கிருந்து விலகித் தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, எந்த வேலையிலும் நிலைக்காத கணவனின் தம்பியை உதவிக்குச் சேர்த்துக்கொண்டாள். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்கள், போலீஸ்காரர்கள், பிடிபட்ட திருடர்கள் எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். அவனோ, யார் எதைச் சொன்னாலும் மீதிச் சில்லறை கொடுப்பது போல ஒரு பதிலைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். அதனால் சில்லறை.

நாற்றம் எலும்பிலிருந்து வரவில்லை. பல்கலைக்கழகத்தின் பொருளாதார வரலாற்று ஆய்வு மையத்தில் மாடி முழுக்கக் கம்பளம் விரித்த அறைகள்தான். எலும்புகளுக்கு மட்டும் கழிவறைக்கு நேர் கீழே இடம் ஒதுக்கியிருந்தார்கள். மேலே யாராவது தண்ணீரைத் திறந்துவிடும்போதெல்லாம் கூரையில் ஓடிய குழாய் கனைத்தது. அதன் மூட்டிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு, எலும்பு அளக்கும் பலகைக்குப் பக்கத்தில் இருந்த வாளியில் விழுந்தது.

"வந்தவங்களுக்கு டீ, செத்தவங்களுக்குச் சொட்டு நீர்ப் பாசனம். நல்ல மையம்," என்றான் சில்லறை.

"மன்னிச்சிடுங்க, மேடம். எத்தனை தடவை எழுதிக் கொடுத்தாலும் இயக்குநர் கண்டுக்கவே மாட்டேங்கறார்," என்றார் பேராசிரியர். அவர்தான் அண்ணியை வரவழைத்தவர். குரல் வழவழப்பாக, கேட்பவர் காதில் உருகி இறங்கியது. மாடியில் ஊழியர் அறையில் தன் கையாலேயே தேநீர் பிடித்துக் கொடுத்து உபசரித்துவிட்டுத்தான் கீழே அழைத்து வந்திருந்தார். "எனக்கு வயித்துப் புண், வெந்நீர்தான்," என்று அவர் மட்டும் தன் பிளாஸ்கைத் திறந்துகொண்டார். அண்ணி கோப்பையை முகர்ந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டாள். சில்லறை இரண்டு கோப்பை குடித்து, பேராசிரியருக்கு வெண்ணெய் என்று பெயரும் வைத்துவிட்டான்.

வெண்ணெய்க்குப் பின்னால், சுவரோடு ஒட்டி ஆய்வு உதவியாளர் நின்றிருந்தாள். எந்நேரமும் எதையாவது அளந்துகொண்டிருப்பதால் மையத்தில் அவளை 'ஸ்கேல்' என்று கூப்பிட்டார்கள். முன்பு பாசமாகக் கூப்பிட்டது, இப்போது நக்கலாக.

"இது எதுவும் நான் அளந்த எலும்பு இல்ல மேடம்," என்றாள். அழுது முடித்த குரல். "எல்லாத்தையும் மாத்திட்டாங்க."

"மொதல்லேர்ந்து சொல்லும்மா. நீ அளந்த எலும்பெல்லாம் யாரோடது?"

"பழைய துறைமுகத்துல, ஒரு கப்பல் கம்பெனிக்கு மூட்டை தூக்கினவங்களோடது. ரோடு அகலப்படுத்தறப்போ கிடைச்சுது."

"பொருளாதார வரலாறுன்னா கூலி, விலைவாசின்னு ஏதாவது கூட்டிக் கழிப்பீங்கன்னு நெனச்சேன். எலும்பு எதுக்கு?" என்றான் சில்லறை.

"இவ்வளவு கூலி கொடுத்தோம்னு கம்பெனி எழுதி வெச்சிருக்கும் சார். அதுல வயிறு ரொம்பிச்சான்னு எழுதி வெக்காது. வளர்ற வயசுல பட்டினி கிடந்தா தொடை எலும்பு நீளாது. அதனால நாங்க ஆளையே அளக்கறோம்."

அவள் அளந்து கண்டுபிடித்தது இதுதான். கம்பெனி வந்த காலத்தில் மூட்டை தூக்கியவர்கள் ஓரளவு உயரம். அவர்களுடைய பிள்ளைகள் அதைவிடக் குள்ளம். பேரப்பிள்ளைகள் இன்னும் குள்ளம். கம்பெனி வளர வளர ஆட்கள் சுருங்கியிருந்தார்கள். பன்னிரண்டு வயதைத் தாண்டாத ஒரு பையனின் முதுகெலும்பு, கிழவனுடையதைப் போல நசுங்கியிருந்தது.

அந்தக் கம்பெனி இன்றும் இருக்கிறது. 'எங்கள் தொழிலாளர்கள் வயிறார உண்டு வாழ்ந்தார்கள்' என்று நூற்றாண்டு மலரில் அச்சடித்திருக்கிறது. மையத்துக்குப் புதிய கருத்தரங்கக் கூடமும் கட்டிக் கொடுக்கிறது. ஸ்கேலின் முடிவு வெளியே தெரிந்ததும் கம்பெனி மறு அளவு கேட்டது. ஒரு குழு வந்து பெட்டிகளைத் திறந்து அளந்தது. பெட்டிக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் வாட்டசாட்டமான ஆட்கள். படங்கள் இருந்த கணினியும் அதே வாரத்தில் பழுதாகித் துடைக்கப்பட்டிருந்தது.

"நாளைக்கு விசாரணை. பொய்க் கணக்கு எழுதினேன்னு என்னை வெளிய அனுப்பப் போறாங்க," என்றாள் ஸ்கேல். "நாலு வருஷமா இந்த ரூம்லதான் இருந்தேன் மேடம். ஒவ்வொருத்தரையும் எனக்குத் தெரியும்."

"இவ என் மாணவி. என் மக மாதிரி," என்று வெண்ணெய் அவள் தோளைத் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த அறைக்கு ஒரே சாவிதான், மேடம். அது யார்கிட்ட இருக்குன்னு என் வாயால சொல்ல வேண்டாம்னு பார்க்கறேன்."

சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல், சாவிக்காரர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். இயக்குநர். பெரிய உடம்பு, கையில் ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பை.

"யாரைக் கேட்டு இவங்களை உள்ள விட்டீங்க? இது ஆய்வு மையமா, சந்தையா?"

"இடி," என்று அண்ணியின் காதில் பெயர் வைத்தான் சில்லறை.

"சாவியை எங்க வெப்பீங்க சார்?" என்று அண்ணி கேட்டாள்.

"என் கோட்டுப் பையில."

"கோட்டை?"

"ஊழியர் அறையில மாட்டியிருப்பேன். ஏன், என்னைத் திருடன்னு சொல்றியா?" இடி ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஸ்கேலின் பக்கம் திரும்பினார். "பொண்ணாச்சேன்னு பார்த்தேன். ஒழுங்கா ராஜினாமா எழுதிக் கொடுத்தா கௌரவமா போகலாம். கட்டடம் கட்டிக் கொடுக்கறவன் மூஞ்சில காறித் துப்பறதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல."

சொல்லிவிட்டு மீதித் தேநீரை உறிஞ்சியபடியே மேலே போனார்.

"ஆளு இவர்தான் அண்ணி. சாவி இருக்கு, கம்பெனிப் பாசம் இருக்கு, வாயும் இருக்கு. வழக்கை முடிச்சிட்டு வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம்," என்றான் சில்லறை.

அண்ணி பெட்டியிலிருந்து ஒரு தொடை எலும்பை எடுத்து விளக்குக்கு அடியில் பிடித்தாள். பழைய எலும்புக்குரிய பழுப்பு நிறம். நுனியை நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். பிறகு சில்லறையின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்ன வாசனை?"

"அய்ய! எடுங்க அண்ணி... இருங்க. புதினா மாதிரி இருக்கு."

அண்ணி கொண்டையிலிருந்து ஊசியை உருவி எலும்பின் முனையில் குத்தித் திருகினாள். மேலே மண் தடவியிருந்த, உள்ளே வெள்ளையான ஒரு வட்டக் கட்டி பெயர்ந்து விழுந்தது. அதன் இடத்தில், இயந்திரம் வைத்துக் குடைந்தது போல நேரான ஒரு துளை.

"பற்பசை," என்றாள். "துளையை அடைச்சிருக்கான்."

"பல்லுக்குப் போடறதைத் தொடைக்குப் போட்டிருக்கானா?"

ஸ்கேல் பாய்ந்து வந்து எலும்பை வாங்கிப் பார்த்தாள். "மருத்துவக் கல்லூரியில வகுப்பெடுக்கக் கம்பியில கோத்துத் தொங்க விடுவாங்களே, அந்த எலும்புக்கூடு! அந்தக் கம்பி போற ஓட்டை இது. ஆனா அதெல்லாம் வெள்ளையா இருக்குமே மேடம். இது எப்படி மண்ணு நிறத்துல..."

"அதுதான் ரெண்டாவது வாசனை. புதினாவுக்கு அடியில இருக்கு." அண்ணி மறுபடி முகர்ந்தாள். அவளுடைய முகம் மெல்லக் கோணியது. "சில்லறை, மேல எத்தனை கோப்பை குடிச்ச?"

"ரெண்டு. சாறு நல்லா இறங்கியிருந்துது. ஏன் அண்ணி?"

"ஒண்ணுமில்ல. வா, மேல போகலாம். பேராசிரியர் சார், நீங்க இங்கயே இருங்க. இந்தப் பொண்ணுக்குத் துணையா."

ஊழியர் அறையின் மூலையில் மையத்தின் தேநீர்க் கொதிகலன் நின்றது. இடுப்பு வரை உயரம், எவர்சில்வர் உடம்பு, அடியில் குழாய். தேநீர் போடும் பெண்மணி அதன் முன்னால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய நூலாக இறங்கும் தேநீரைச் சபித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, குழாய் அடைக்குதா?" என்றாள் அண்ணி.

"ஒரு மாசமா இந்தக் கூத்துதான் மேடம். ஒரு ஞாயித்துக்கிழமை யாரோ எடுத்துப் பொழங்கியிருக்காங்க. திங்கக்கிழமை வந்து பார்க்கறேன், உள்ள பூரா கறைகறையா பிசுக்கு. தேய்ச்சுத் தேய்ச்சுக் கையே போச்சு."

"தொடை எலும்பு நிமிர்ந்து நிக்கற உயரம் இருக்கு, இல்ல?" என்று அண்ணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சில்லறையின் சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணி. வேண்டாம்."

அண்ணி மின்சாரத்தை அணைத்து, குழாயின் திருகைக் கழற்றினாள். உள்ளே ஊசியை விட்டுத் துழாவினாள். மெலிதான ஒரு செப்புக் கம்பித் துண்டு முதலில் வந்தது. அதைத் தொடர்ந்து, தேநீர் நிறத்தில் பளபளத்துக்கொண்டு, ஒரு சுண்டு விரலின் நுனி எலும்பு அவளுடைய உள்ளங்கையில் வந்து விழுந்தது.

பெண்மணி வீறிட்டுக் கோப்பையைப் போட்டு உடைத்தார். சில்லறை கையால் வாயைப் பொத்திக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினான். அவன் குடித்த இரண்டு கோப்பையும் திரும்பி வரும் ஓசை அறை வரை கேட்டது.

அவன் வெளிறிப் போய்த் திரும்பியபோது அண்ணி அந்தப் பெண்மணியைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க டீயை இங்க யார் அதிகமா குடிப்பாங்க?"

"பெரியவர்தான் மேடம். இயக்குநர். வாயிலேர்ந்து கோப்பையை எடுக்கவே மாட்டார்."

"இந்த ஒரு மாசமாவும்?"

"நேத்துக்கூட, 'இப்பல்லாம் டீல ஒரு கனம் இருக்கு'ன்னு பாராட்டினாரே," என்றவர், தான் சொன்னதன் பொருள் புரிந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"நிறுத்தினவங்க யாராவது உண்டா?"

அவர் யோசித்துச் சொன்ன பதிலைக் கேட்டதும் சில்லறை பிளாஸ்கை நினைத்துக்கொண்டான்.

"அண்ணி, அந்த ஆளு நம்ம கையில கோப்பையைக் கொடுத்துட்டு, நான் குடிக்கறதை நின்னு பார்த்தான். இன்னொண்ணு வேணுமான்னு வேற கேட்டான்."

"திருகைப் போட்டு மூடு. எல்லாரையும் இங்க கூப்பிடு."

எல்லோரும் வந்தார்கள். இடி வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். அண்ணி கொதிகலனிலிருந்து இரண்டு கோப்பை பிடித்தாள். இப்போது குழாயில் தேநீர் தாராளமாகக் கொட்டியது. ஒன்றை இடியிடம் நீட்டினாள். வசைக்கு நடுவே அவர் அதை வாங்கி, பழக்கமாக வாயில் வைத்து, பாதியைக் குடித்துவிட்டார்.

"அண்ணி, பாவம்," என்று முணுமுணுத்தான் சில்லறை.

"ஒரு மாசம் குடிச்சவர், இன்னும் ரெண்டு வாய் குடிச்சா என்ன ஆயிடும்?" என்ற அண்ணி, அடுத்த கோப்பையை வெண்ணெயிடம் நீட்டினாள். "நீங்களும் குடிங்க சார்."

"எனக்கு வயித்துப் புண், மேடம். சொன்னேனே."

"ஒரு வாய். நாக்குல படற அளவுக்கு."

"டாக்டர் கூடாதுன்னுட்டார்."

"அப்போ கையிலயாவது பிடிச்சுக்குங்க."

அவர் பிடிக்கவில்லை. கோப்பை அருகில் வர வர, அவருடைய தலை தானாகப் பின்னால் போனது. உதடுகள் இறுக மூடிக்கொண்டன. ஸ்கேல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி கைக்குட்டையை விரித்து விரல் எலும்பை மேசைமேல் வைத்தாள்.

"மருத்துவக் கல்லூரியில கழிச்சுப் போட்ட எலும்புகளை வாங்கி, பழசா தெரியணும்னு இந்தக் கொதிகலன்லதான் டீத்தூள் போட்டு வேக வெச்சு, அப்புறம் துளையை அடைச்சிருக்காங்க. செஞ்சவங்களைத் தவிர வேற யாருக்கும் இது தெரியாது. தெரிஞ்சவன் இதுல ஒரு சொட்டு குடிப்பானா? இயக்குநர் மாசம் பூரா குடிச்சார். அவருக்கு வாய் மோசம், கை சுத்தம். தினம் ஆறு கோப்பை குடிச்சுக்கிட்டிருந்த ஒருத்தர் மட்டும், சரியா அந்தத் திங்கக்கிழமையிலேர்ந்து பிளாஸ்க் கொண்டு வர ஆரம்பிச்சார்."

இடி கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். ஜன்னலுக்கு ஓடித் தலையை வெளியே நீட்டினார். இடி முழக்கம் வேறு விதமாகக் கேட்டது.

"ஆனா நீங்கதானே சார் இவங்களை வரவழைச்சீங்க?" என்றாள் ஸ்கேல். அவளுக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

"மாத்தினதை நான் கண்டுபிடிக்கணும்னுதாம்மா வரவழைச்சார்," என்றாள் அண்ணி. "சாவி இயக்குநர்கிட்ட; அதுவும் இந்த அறையில தொங்கற கோட்டுல, இவர் எடுத்துட்டுத் திரும்ப வெச்சா யாருக்குத் தெரியும்? பழி அவர் மேல போகும், நாற்காலி இவருக்கு வரும். உண்மையான எலும்பு கிடைக்காமலே போனா, உன் அளவுக்குச் சாட்சி இருக்காது. கம்பெனியும் சந்தோஷப்படும். ஒரே கல்லுல ரெண்டு பேரைச் சாய்க்கப் பார்த்தார்."

வெண்ணெய் பிளாஸ்கை நிதானமாக மேசையில் வைத்தார். குரலில் உருக்கம் குறையவே இல்லை.

"நான் யாரையும் கொல்லலையே, மேடம். அவங்க எப்பவோ செத்தவங்க. நாலு அங்குலம் கூடக் குறைய இருந்தா அவங்களுக்கு என்ன நஷ்டம்? இவளுக்குச் சின்ன வயசு, வேற வேலை கிடைச்சுடும்."

"பட்டினி போட்டவனே பரவாயில்ல," என்றான் சில்லறை. "அவன் பட்டினிதான் போட்டான். நீ செத்தவங்களைப் பொய் சாட்சி சொல்ல வெக்கப் பார்த்தியே."

"உண்மையான எலும்பு எங்க?" என்றாள் அண்ணி.

வெண்ணெயின் கண் ஒரு கணம் ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது. இடி தலையை நீட்டியிருந்த ஜன்னல் அல்ல, அடுத்தது. சற்று நேரத்தில் மறுபடி போனது. அண்ணி அங்கே போய் எட்டிப் பார்த்தாள். கீழே, கட்டடத்தின் பின்புறம், கம்பெனி கட்டிக் கொடுக்கும் கருத்தரங்கக் கூடத்துக்கு அடித்தளக் குழி வெட்டியிருந்தார்கள். குழியின் விளிம்பை நோக்கி ஒரு கான்கிரீட் லாரி பின்பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் உருளை சுழன்றுகொண்டிருந்தது.

"சில்லறை, இந்த ஆளைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வா!"

அண்ணி படியில் பாதி இறங்குவதற்குள் ஸ்கேல் அவளைத் தாண்டி ஓடியிருந்தாள்.

குழியோரம் நின்ற பொறியாளர் அசையவில்லை. "இயக்குநர் எழுதிக் கொடுத்தா நிறுத்தறேன் மேடம். கலவை இறுகிடும், அப்புறம் யார் பதில் சொல்றது?"

வாயைத் துடைத்துக்கொண்டு இடி வந்து சேர்ந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் குழியைப் பார்த்தார், பிறகு அதன் தலைமாட்டில் நட்டிருந்த கம்பெனியின் பெயர்ப் பலகையைப் பார்த்தார்.

"கொஞ்சம் யோசிச்சு... கம்பெனிக்கு ஒரு போன் பண்ணிட்டு..." என்று இழுத்தார்.

ஒரு மாதம் பிணத்தேநீர் குடித்தும் இந்த ஆளுக்குக் கம்பெனி இன்னும் குமட்டவில்லையே என்று அண்ணிக்குத் தோன்றியது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்கேல் குழியில் குதித்துவிட்டாள். கம்பிச் சட்டத்துக்குள் புகுந்து, லாரியின் சரிவுத் தகட்டுக்கு நேர் கீழே போய் நின்றாள்.

"கொட்டுங்க," என்றாள்.

லாரி ஓட்டுநர் யாரையும் கேட்காமல் உருளையை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார்.

ஸ்கேல் கையாலேயே மண்ணை வாரினாள். அண்ணியும் இறங்கினாள். ஓரத்தில் மண் இளகியிருந்த இடத்தில் முதல் சாக்கு அகப்பட்டது. கட்டட மிச்சமும், ஊறிப்போன சிமெண்டுப் பைகளும், யாரோ தின்றுவிட்டு எறிந்த பொட்டலங்களும் அதன்மேல் கிடந்தன. அழுகிய சாறு சாக்கில் இறங்கி நாறியது. ஸ்கேல் முகத்தைச் சுளிக்கவில்லை. சாக்கைப் பிரித்து, ஒரு தொடை எலும்பை எடுத்து, முழங்கையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். அளக்கும் பலகை தேவைப்படவில்லை.

"இவர்தான்," என்றாள். "இவரோட அப்பா இதைவிட ஒரு விரல்கடை உயரம். அவரும் இங்கதான் இருப்பார்."

மேலே இடி போலீசுக்கும் கம்பெனிக்கும் ஒரே மூச்சில் போன் பேசிக்கொண்டிருந்தார். "எனக்கு மொதல்லேர்ந்தே சந்தேகம்தான்... அந்தப் பொண்ணு எங்க மையத்தோட சொத்து... விசாரணையா? அதெல்லாம் ரத்து, நானே ரத்து பண்ணிட்டேன்..." அண்ணி நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு, அசிங்கம் எதையோ மிதித்தவள் போலக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டாள்.

ஸ்கேல் இரண்டாவது சாக்கிலிருந்து சின்னச் சின்னதாக, நசுங்கிய வளையங்கள் போன்றவற்றை ஒவ்வொன்றாகத் தன் துப்பட்டாவில் எடுத்து வைத்தாள். மூட்டை தூக்கிய பையனின் முதுகெலும்பு.

சில்லறையின் பிடியில் குழியோரம் நின்ற வெண்ணெய் கழுத்தை நீட்டிப் பார்த்தார். நாலு வருடமும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே குரல் கீழே இறங்கியது.

"பார்த்து எடும்மா. உடைஞ்சிடப் போகுது."

ஸ்கேல் தலையைத் தூக்கினாள்.

"நீங்க பேசாதீங்க, சார்."

அந்த 'சார்' பழக்கத்தில் வந்துவிட்டது. வாய்க்குள் புழு நெளிந்தது போல அவள் முகம் சுருங்கியது. குழியில் கிடந்தவர்கள்மேல் பட்டுவிடாமல் ஒருபுறம் திரும்பி, காறித் துப்பினாள். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு அடுத்த சாக்கைப் பிரிக்கக் குனிந்தாள்.